சோழவரத்தில் உங்கள் தந்தையார் கண்டவை

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் பிறந்த உங்கள் தந்தையார், சிறு வயதில் உங்கள் தாத்தாவுடனும் தம் அண்ணனுடனும் சோழவரத்துக்குக் கார் பந்தயம் பார்க்கப் போனதை அடிக்கடி சொல்கிறார். விமானம் இறங்கும் தளத்தில் பந்தயம் நடந்தது, காற்றில் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது, கார்கள் சக்கரமே இல்லாமல் தண்ணீரின் மேல் மிதந்து வந்தன, எதிரே கடக்கும்போது அவற்றின் சத்தம் ஒரு சுரம்போல இறங்கியது, ஃபார்முலா ஒன் காரை நேரிலேயே பார்த்தேன், தாத்தா கோயம்புத்தூர்ப் பந்தய ஓட்டுநர் கரிவரதனோடு கைகுலுக்கினார், இவ்வளவையும் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன் என்கிறார். உடன் சென்ற உங்கள் பெரியப்பாவோ, போனது மட்டும்தான் உண்மை, மற்றதெல்லாம் தம்பி கட்டிவிட்ட கதை என்கிறார். இவற்றில் எது நடந்திருக்கக்கூடியது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தந்தையாரின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நானும் அந்தத் தலைமுறைதான். உங்கள் தந்தையாருக்குச் சில ஆண்டுகள் மூத்தவன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்த என் தந்தை, எனக்கு ஆறு வயதானதிலிருந்து பொங்கல் கழிந்த பிறகு வரும் பந்தய நாட்களில் என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு, செங்குன்றம் வரை பேருந்திலும் அதன்பின் கிடைத்த வண்டியிலும் நடையிலுமாகச் சோழவரத்துக்குக் கூட்டிப் போவார். பெரியவனான பிறகு, சம்பளமில்லாத தொண்டனாக, இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்தயத் தடங்களில் கொடி பிடிக்கும் மார்ஷல் வேலை பார்த்தேன். மனித நினைவைப் பற்றி நான் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு விபத்து நடந்த உடனே அதை நேரில் கண்டவர்கள் எதைச் சரியாகச் சொல்வார்கள், எதைத் தவறவிடுவார்கள் என்பதை அந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்தது. நான் இங்கே சொல்வது அந்த அனுபவத்திலிருந்து வருவதே.

இடத்தைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டியதே இல்லை. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சோழவரம் விமானத்தளம், இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களுக்காகப் பயன்பட்டது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, 1950-களிலிருந்து 1980-களின் இறுதி வரை, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் 1990-இல் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. விமான ஓடுதளத்தில் பந்தயம் நடப்பது உலகத்தில் எங்கும் புதுமையில்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடமே ஒரு போர்க்கால விமானத்தளந்தான். விமானத்துக்குத் தேவையான நீண்ட நேர்ப்பாதையும், மரமில்லாத வெளியும், கனமான காங்கிரீட்டும் பந்தயக் காருக்கும் தேவை என்பதே அதற்குக் காரணம்.

விளக்கெண்ணெய் வாசனைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் பெரியப்பா அதைக் கேட்டுச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் என்றால் விடுமுறை நாளில் பாட்டி மூக்கைப் பிடித்துக் குடிக்க வைக்கும் பேதி மருந்துதான். ஆனால் உங்கள் தந்தையாரின் மூக்கு தவறவில்லை. மிக வேகமாகச் சுழலும் எஞ்சின்களில் ஆமணக்கு எண்ணெயை, அதாவது விளக்கெண்ணெயை, அடிப்படையாகக் கொண்ட மசகெண்ணெயை ஊற்றுவது நெடுங்காலப் பந்தய வழக்கம். அது கடும் சூட்டிலும் உலோகத்தின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்களுக்கே அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயர்கூட ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். எரிந்தபின் பிசின்போல உள்ளே படிந்துவிடுவதால் அன்றாடம் ஓடும் வண்டிகளுக்கு அது ஏற்றதில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் எஞ்சினைப் பிரித்துத் துடைக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. எரிந்த ஆமணக்கு எண்ணெயின் வாசனை சற்று இனிப்பாக, அப்பளம் பொரித்த வாணலியும் புதிதாக ஊதி அணைத்த குத்துவிளக்குத் திரியும் சேர்ந்தாற்போல இருக்கும். அதை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார், முகராதவர் கற்பனை செய்து சொல்லவும் மாட்டார். பந்தயத்துக்கே போகாத ஒரு பிள்ளை கதை கட்டினால் பெட்ரோல் வாசனை, புகை வாசனை என்றுதான் சொல்லும். யாருக்கும் தோன்றாத விளக்கெண்ணெயை அவர் சொல்வதாலேயே நான் அவரை நம்புகிறேன்.

சத்தம் இறங்கியது என்பதும் அப்படியே. ஓட்டுபவர் முடுக்கியை அழுத்தியபடியேதான் போகிறார், எஞ்சினின் சுழற்சி மாறவில்லை, பிறகு சத்தம் எப்படி இறங்கும் என்று உங்கள் பெரியப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் மாறுவதில்லை, கேட்பவரின் நிலைதான் மாறுகிறது. நெருங்கி வரும்போது ஒலி அலைகள் நெருக்கப்பட்டு உயர்ந்து கேட்கின்றன, விலகும்போது இழுபட்டுத் தாழ்ந்து கேட்கின்றன. வெயில் நேரத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 50 மீட்டர். கணக்குப் போட்டால், வரும்போது கேட்கும் ஒலிக்கும் போகும்போது கேட்கும் ஒலிக்கும் உள்ள விகிதம் 400-க்கு 300, அதாவது 4-க்கு 3. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும், அது சுத்த மத்தியமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள இடைவெளி. அப்போது வீணை கற்றுக்கொண்டிருந்த என் அக்கா, சவுக்குக் கட்டை வேலியைப் பிடித்துக்கொண்டு, வேகமான கார்கள் ‘ம’வில் வந்து ‘ச’வில் போகின்றன என்று சொன்னாள். 120 கிலோமீட்டரில் வரும் சாதாரண ஃபியட் அவ்வளவு இறங்காது, அது சாதாரண காந்தாரத்துக்குப் பக்கத்திலிருந்துதான் இறங்கும். இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்து அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் தந்தையார் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவாரானால், அதைப் பதிவு செய்து ஒரு சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக வந்தே தீரவேண்டும் என்றில்லை, ஆனால் இறங்கும் திசையில் அவர் தவறவில்லை.

இப்போது மிதந்து வந்த கார்களுக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் வீட்டு வழக்கின் முடிச்சு இருப்பதாக நினைக்கிறேன். அது கானல் நீர். வெயிலில் காய்ந்த ஓடுதளத்தை ஒட்டியிருக்கும் காற்று மேலேயிருக்கும் காற்றைவிடச் சூடாகி அடர்த்தி குறைவதால், வானத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி தரையைத் தொடாமல் மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை அடைகிறது. நமக்குத் தரையில் வானம் தெரிகிறது, அதைத் தண்ணீர் என்று எண்ணுகிறோம். தொலைவில் வரும் காரின் கீழ்ப்பகுதி அந்தப் பளபளப்புக்குள் மறைந்து, மேற்பகுதி மட்டும் நடுங்கியபடி தெரியும். அது அருகே வர வர, தண்ணீரிலிருந்து கரையேறுவதுபோல முதலில் மூக்கும், பிறகு சக்கரங்களும் வெளிப்படும். நான் இதை நூற்றுக்கணக்கான முறை கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். இந்த வளைவு மிகச் சிறிய கோணத்தில் மட்டுமே நடக்கும். பார்வை தரையோடு ஏறக்குறைய படுத்தாற்போல இருக்கவேண்டும். ஆகவே கண் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு பக்கத்திலேயே கானல் தொடங்கிவிடும். மூன்றரை அடி உயரத்தில் கண்ணுள்ள குழந்தைக்கு அது கண்ணெதிரே ஓர் ஏரியாக விரியும்; ஐந்தரை அடியில் கண்ணுள்ள இளைஞனுக்கு எங்கோ தொலைவில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அவன் அதைக் கவனிக்காமலேகூட இருந்துவிடலாம். உங்கள் பெரியப்பா அப்போது பதினேழு வயதுப் பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே நாளில், ஒரே வேலி ஓரத்தில் நின்ற இருவருக்கும் இரண்டு காட்சிகள் கிடைத்திருக்கின்றன. இருவருமே தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

இதே காரணத்தால், தாத்தாவின் தோளில் இருந்துகொண்டு கார்கள் மிதந்து வருவதைப் பார்த்தேன் என்ற இணைப்பை மட்டும் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். தோளில் உட்கார்ந்தால் குழந்தையின் கண் தாத்தாவின் கண்ணைவிடவும் மேலே போய்விடும். அங்கிருந்து பார்த்தால் கானல் குறையவே செய்யும். தோளில் ஏறியது உண்மையாக இருக்கலாம், கானலைப் பார்த்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருப்பது அரிது.

தோள் என்றால் நான் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் என்னிடம் ஒரு நினைவு இருந்தது. நான் அப்பாவின் தோளில் இருக்கிறேன். ஒரு வெளிர்நீல ஹெரால்டு கார் திருப்பத்தில் சறுக்கி, வைக்கோல் கட்டுகளில் மோதிப் பக்கவாட்டில் சாய்கிறது. வைக்கோல் துகள் வெயிலில் மஞ்சளாகப் பறக்கிறது. ஓட்டியவர் ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்து கையசைக்கிறார். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. அப்பாவின் தோளில் ஒரு பையன், பின்னால் சாய்ந்து கிடக்கும் கார். அந்தப் பையன் என் பெரியப்பா மகன். படத்தின் பின்புறம் பென்சிலில் வருடம் எழுதியிருந்தது. அக்கா பார்த்தவுடனே சொன்னாள், அந்த வருடம் எனக்குச் சின்னம்மை போட்டிருந்தது, வாசலில் வேப்பிலை செருகியிருந்தது, என்னால் தனக்கும் பந்தயம் போயிற்று என்று. படம் கறுப்பு வெள்ளை. வெளிர்நீலம் எங்கிருந்து வந்தது, மஞ்சள் தூசி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். படுக்கையில் கிடந்த எனக்கு அப்பா அதை அத்தனை விரிவாகச் சொல்லியிருக்கிறார், நான் அதை என் கண்ணால் கண்டதாக்கிக்கொண்டேன். எனக்கு அன்று ஏற்பட்டது ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். அப்பா அலுத்து வந்த இரவில் என் கட்டிலருகே உட்கார்ந்து எனக்காக முழுப் பந்தயத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மார்ஷல் வேலையிலும் இதையே வேறு வடிவத்தில் கண்டேன். எங்களுக்குப் பயிற்சி தந்த மூத்தவர் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் செய்வார். மோதல் நடந்தால், ஒரே கம்பத்தடியில் நின்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாக எழுதித் தரவேண்டும். பேசிவிட்டால் இரண்டு நினைவும் ஒன்றாகிவிடும். அந்தக் காகிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. சத்தம், வாசனை, சூடு, எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே நின்றேன் என்பவற்றில் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். எது முதலில், எது பின்னால், எத்தனையாவது சுற்று, எந்த எண்ணுள்ள கார் என்பவற்றில் பத்து நிமிடத்துக்குள்ளேயே வேறுபடுவார்கள். பத்து நிமிடத்துக்கே அப்படியென்றால், நாற்பது ஆண்டுகளில் பெயரும் வரிசையும் இடம் மாறாமல் இருந்தால்தான் வியப்பு.

இந்த அளவுகோலை ஃபார்முலா ஒன் காருக்கு வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு கார் சோழவரத்தில் ஓடியது உண்மை. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, என்சைன் என்ற பிரிட்டிஷ் அணி கட்டிய ஃபார்முலா ஒன் காரை அங்கே பந்தயத்தில் ஓட்டினார். உங்கள் தந்தையாரின் வயது அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அது உலக சாம்பியன்ஷிப் பந்தயம் இல்லை. அந்த வரிசையில் இந்தியாவில் நடந்த முதல் பந்தயம் 2011-இல் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. ஆகவே காரைப் பார்த்தேன் என்றால் நம்புங்கள், ஃபார்முலா ஒன் போட்டியைப் பார்த்தேன் என்றால் அன்போடு ஒரு சொல்லைத் திருத்துங்கள்.

கரிவரதனோடு கைகுலுக்கிய கதையை என்னால் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவர் அந்த ஆண்டுகளில் சோழவரத்தில் ஓட்டிப் பெயர் பெற்றவர். பந்தயம் முடிந்ததும் கூட்டம் வண்டிகளைச் சூழ்ந்துகொள்வதும், ஓட்டுநர்கள் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டுவதும் அங்கே இயல்பாக நடந்தவை. என் அப்பாவும் அப்படிச் சிலரிடம் பேசியிருக்கிறார். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கரிவரதனின் பெயர் பின்னாளில்தான் மிகப் பெரிதானது. மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கி, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லாதவர்களுக்கும் இந்த விளையாட்டின் கதவைத் திறந்தவர் அவர். 1995-இல் வான்விபத்தில் இறந்தார். அவர் நினைவாகச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டது. நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதி கார்தான். இப்படி ஒரு பெயர் பிற்காலத்தில் ஒளிபெறும்போது, முகம் மங்கிப்போன பழைய நினைவுகள் அந்தப் பெயரைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். தாத்தா ஓர் ஓட்டுநரோடு கைகுலுக்கினார் என்பதை நான் நம்புவேன். அவர் யார் என்பதைத் திறந்தே வைத்திருப்பேன்.

அப்பாவோ தாத்தாவோ கையைப் பிடித்துக் கூட்டிப்போன பந்தயம் ஒரு குழந்தைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்றுகள் உண்டு. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் சென்றவர்கள் இதுவரை இருவர்தான், இருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள். 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டிய நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி ஓட்டுநர். 2010-இல் சென்ற கருண் சந்தோக்கின் தந்தை விக்கி சந்தோக்கும் ஓட்டியவர். தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களைப் போன்ற குடும்பங்களிலிருந்து ஓட்டுநர்கள் வரவில்லை. மெக்கானிக்குகளும் கொடி பிடிப்பவர்களும், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் விளக்கெண்ணெய் வாசனையைச் சொல்லிக்கொண்டிருக்கும் தந்தையர்களும் வந்தார்கள். அதைக் குறைவாக நான் எண்ணவில்லை.

வைக்கோல் கட்டுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் தந்தையார் சொன்னால் அதையும் நம்பலாம். உலகெங்கும் ஒரு காலத்தில் அவைதான் தடுப்பு. 1967-இல் மொனாக்கோவில் லோரென்சோ பண்டினியின் கார் மோதியபோது எரிந்த வைக்கோல் தீயைப் பெருக்கியது, அவர் காயங்களால் இறந்தார், அதன் பிறகே ஃபார்முலா ஒன் அவற்றைக் கைவிட்டது. காதைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் காதில் அன்று பஞ்சுகூட இல்லை, என் இடது காது இன்று மந்தமாக இருக்கிறது. தந்தையாரை ஒருநாள் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போக நினைத்தால், அல்லது 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததுபோன்ற இரவுப் பந்தயம் மறுபடி வந்து உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போனால், மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பானை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவரிடம் இனி என்ன கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஆண்டு, யார் வென்றார் என்று கேட்காதீர்கள், அது அவரைத் தேர்வு எழுத வைப்பதாகும். என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், புளியோதரையா தயிர்சாதமா, எந்தப் பாத்திரத்தில், நிழல் எங்கே இருந்தது, கால் சுட்டதா என்று கேளுங்கள். பெரியப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் இருவரையும் தனித்தனியாகச் சொல்லச் செய்துவிடுங்கள், எங்கள் மூத்தவரின் விதி அது. பிறகு இருவரையும் சேர்த்து வைத்து ஒன்றைக் கேளுங்கள். தாத்தா ஓட்டுநர்களைப் பார்க்கப் போயிருந்த வேளையில், கார்கள் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டு தரையில் நின்ற சின்னப் பையனின் கையை அப்போது யார் பிடித்திருந்தார்கள்? அந்தக் கூட்டத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும்படி தாத்தா தன் மூத்த பிள்ளையிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.